கை நுழையாத சட்டைக்கை



இந்த மாதம் உங்கள் முன் ஒரு பழைய மேலங்கியை விரித்து வைக்கப் போகிறேன். இது எந்த நாட்டுடையது, யார் உடுத்தது, எப்படி உடுத்தது என்று சேர்ந்தே கண்டுபிடிப்போம். தையல் தெரிந்தவர்கள் சற்று முன்னால் வந்து உட்காருங்கள். உங்களுக்குத்தான் இதில் வேலை அதிகம்.

அங்கி பட்டுத் துணியால் ஆனது. கணுக்கால் வரை நீளம். முன்பக்கம் மேலிருந்து கீழ் வரை திறந்தே இருக்கிறது. ஓரம் நெடுக நூல் நாடா வைத்துத் தைத்திருக்கிறார்கள். உள்ளே பூப்போட்ட சீத்தைத் துணி. இதுவரை விநோதம் எதுவும் இல்லை. இனி சட்டைக்கைகளைப் பாருங்கள். இரண்டும் ஒடுக்கமான பட்டிகள். அவற்றுக்குள் ஒரு குழந்தையின் கை கூட நுழையாது. அவை பக்கவாட்டில் நிற்கவும் இல்லை. கழுத்துக்கு அருகில் தொடங்கி, முதுகுப் பக்கமாகத் தொங்கி, அங்கியின் கீழ் ஓரம் வரை போகின்றன. அங்கே இரண்டு நுனிகளையும் ஒரு நாடாவால் ஒன்றாக இணைத்து வைத்திருக்கிறார்கள்.

தையல்காரர் பிழை விட்டுவிட்டாரா? அப்படியென்றால் ஒரே பிழையை நூற்றுக்கணக்கான அங்கிகளில், அதுவும் இத்தனை நேர்த்தியாக, யாரும் விட மாட்டார்கள். இப்படிப்பட்ட அங்கிகள் உலகின் பல நூதனசாலைகளில் இருக்கின்றன. ஆகவே இது வேண்டுமென்றே செய்தது. கை நுழையாத சட்டைக்கையை வேண்டுமென்று தைப்பானேன்?

கழுத்தைப் பார்த்தால் விடை தெரியும்

அறியாத உடுப்பு ஒன்று கைக்கு வந்தால் நாம் முதலில் பார்ப்பது நிறத்தையும் பூவேலையையும்தான். அவை கண்ணைக் கவருமே தவிர, பயன் என்ன என்பதைச் சொல்லமாட்டா. பயனைச் சொல்வது வெட்டும் வடிவமும். உடம்பின் எந்த இடத்தில் அந்தத் துணி தாங்கி நின்றது என்று கேட்டுப் பாருங்கள். தோளில் தாங்கும் உடுப்புக்குத் தோள் வெட்டு வேண்டும். இடுப்பில் தாங்கினால் கட்டு வேண்டும், அல்லது சுருக்கு வேண்டும்.

நமது அங்கியைத் தோளில் போட்டால் கைகளுக்கு வழியே இல்லை. கொஞ்சம் மேலே தூக்கி, கழுத்துப் பகுதியை உச்சந்தலையில் வைத்துப் பாருங்கள். எல்லாம் சரியாகி விடுகிறது. திறந்த முன் ஓரங்கள் இரண்டும் முகத்தின் இரு பக்கமாக இறங்குகின்றன. உடம்பு முழுவதும் மூடிக்கொள்கிறது. கைகள் உள்ளிருந்தபடியே ஓரங்களைப் பிடித்துக்கொள்ளலாம். பொய்ச் சட்டைக்கைகள் முதுகில் நேராக விழுகின்றன. அவை காற்றில் பறக்காமலும் ஒன்றோடொன்று சிக்காமலும் இருக்கவே நுனியை இணைத்திருக்கிறார்கள்.

ஆகவே இது தலையிலிருந்து போர்த்துவதற்கென்று தைத்த அங்கி. வெளியே போகும் பெண்ணின் போர்வை. நம்மவர்கள் சாரி முந்தானையால் முக்காடு போட்டது போல, அவர்கள் ஒரு முழு அங்கியையே முக்காடாகப் போட்டிருக்கிறார்கள்.

அது எந்த மண்?

மத்திய ஆசியா. இமாம் புகாரி பிறந்த புகாராவும், இமாம் திர்மிதி பிறந்த திர்மிதும், சமர்கந்தும் உள்ள மண் அது. இன்றைய உஸ்பெகிஸ்தான், தஜிகிஸ்தான், துருக்மெனிஸ்தான் நாடுகள் அங்கே இருக்கின்றன.

அங்கும் இந்த அங்கி ஒரே மாதிரியானதல்ல. ஒரு தாய் பெற்ற மூன்று சகோதரிகள் போல மூன்று வகைகள் உண்டு. நம் கையில் உள்ளது எது என்று பிரித்து அறிய வேண்டும்.

முதலாவது பரஞ்சி. இது நகரத்துப் பெண்களுடையது. புகாரா, சமர்கந்த், தாஷ்கந்த் போன்ற ஊர்களில் உஸ்பெக், தஜிக் பெண்கள் வீதியில் இறங்கும்போது போர்த்தியது. பரஞ்சி தனியாக வராது. சச்வான் என்ற முகத்திரை அதற்குத் துணை. குதிரை மயிரால் நெய்த நீண்ட சதுரத் துண்டு அது. உள்ளிருப்பவர் வெளியே பார்க்கலாம். வெளியே இருப்பவருக்கு முகம் தெரியாது. ஆப்கானிஸ்தானத்துப் பெண்கள் போடும் தொப்பி வைத்துத் தைத்த, கண்ணுக்கு நேரே வலைப்பின்னல் உள்ள போர்வையை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அதில் பொய்ச் சட்டைக்கை கிடையாது.

இரண்டாவது சிர்ப்பி. இது துருக்மென் பெண்களுடையது. அவர்கள் கூடாரம் அடித்து, மந்தை மேய்த்து வாழ்ந்த மக்கள். அந்தப் பெண்கள் குதிரைமயிர்த் திரை போடுவதில்லை. மாமனார் முதலிய பெரியவர்கள் முன் தலைத்துணியின் ஓரத்தால் வாயை மூடிக்கொள்வது அவர்களுடைய மரியாதை. சிர்ப்பியின் அடையாளம் அதன் பூவேலை. துலிப் மலரைப் போன்ற பூக்கள் நெருக்கமாக, சங்கிலித் தையலை ஒத்த பின்னல் தையலில், பட்டு நூலால் நிறைந்திருக்கும். துருக்மென் குலங்களில் தெக்கே குலத்துப் பெண்கள் இதில் பேர் பெற்றவர்கள்.

சிர்ப்பியின் நிறமே உடுத்தியவரின் வயதைச் சொல்லும். கருநீலம் அல்லது கறுப்பு என்றால் இளம் பெண். மஞ்சள் என்றால் குடும்பம் நடத்தி நடுவயதுக்கு வந்தவர். வெள்ளை என்றால் எல்லோரும் எழுந்து இடம் கொடுக்கும் மூதாட்டி. நம் பக்கத்தில் வெள்ளைச் சேலை வேறு கதை சொல்லும். அங்கே வெள்ளை என்பது வயதின் மதிப்பு. ஒரே நிறத்துக்கு ஊருக்கு ஊர் பொருள் மாறும் என்பதை மறக்கக் கூடாது.

மூன்றாவது ஜெக்தே. ஆரல் கடலுக்குத் தெற்கே வாழும் கரகல்பக் மக்களுடையது. இளம் பெண்ணுக்குச் சிவப்பு ஜெக்தே, முதியவருக்கு வெள்ளை ஜெக்தே. உஸ்பெகிஸ்தானின் நுக்குஸ் நகரில் 1966இல் இகோர் சவித்ஸ்கி என்ற ஓவியர் தொடங்கிய நூதனசாலையில் கரகல்பக் மக்களின் உடுப்புகளும் நகைகளும் ஏராளமாக உள்ளன. அவர் 1984இல் காலமானார். கிராமம் கிராமமாகப் போய், வீட்டு மூலைகளில் கிடந்தவற்றைத் தேடிச் சேர்த்தவர்.

நமது அங்கியில் பூவேலை இல்லை; ஓரத்தில் நாடா மட்டும்தான். துணியின் உடலில் கலங்கிய ஓரங்களுடன் பெரிய வட்டங்களும் மாதுளம்பழ வடிவங்களும் ஓடுகின்றன. ஆகவே இது நகரத்துப் பரஞ்சி என்று கொள்ளலாம்.

துணி சொல்வதும் உள்துணி சொல்வதும்

அந்தக் கலங்கிய ஓரத்தைக் கொஞ்சம் பாருங்கள். அச்சடித்த துணியில் ஓரம் கூராக இருக்கும். இதிலோ மை ஊறியது போல இருக்கிறது. நெய்வதற்கு முன்பே பாவு நூலை அங்கங்கே இறுகக் கட்டி, சாயத்தில் தோய்த்து, அவிழ்த்து, மறுபடி கட்டி, வேறு சாயத்தில் தோய்த்து, பிறகுதான் தறியில் ஏற்றுவார்கள். நூல் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் ஓரம் கலங்கும். அந்தக் கலக்கத்தையே அழகாக்கி விட்டார்கள். பாரசீக மொழியில் 'அப்ர்' என்றால் மேகம். இந்த வேலைக்கு அங்கே 'அப்ர்பந்தி', அதாவது மேகம் கட்டுதல் என்று பெயர். எவ்வளவு பொருத்தம்!

ஒரு துணியை முடிக்கப் பல கைகள் வேண்டும். புகாரா, சமர்கந்து நகரங்களில் நீலச் சாயம் தோய்ப்பது பெரும்பாலும் யூதர்களின் தொழிலாக இருந்தது. சூடாக்கித் தோய்க்கும் சிவப்பும் மஞ்சளும் தஜிக் சாயக்காரர்களிடம் போகும். பிறகு நெசவாளரிடம் போகும். அங்கியில் ஒரு பெண்ணின் பெயர் கூட எழுதியிருக்காது. ஆனால் ஒரு நகரத்தின் பாதிப் பேர் அதில் வேலை செய்திருப்பார்கள்.

இனி அங்கியைப் புரட்டி உள்பக்கத்தைப் பாருங்கள். வெளியே பகட்டு, உள்ளே பல நேரம் ருஷ்யச் சீத்தை! பெரிய பெரிய ரோஜாப் பூக்கள். ருஷ்யாவில் இவானவோ நகரத்து ஆலைகள் மத்திய ஆசியச் சந்தைக்காகவே இப்படிப்பட்ட சீத்தைகளை அச்சடித்தன. ருஷ்யா அந்நாடுகளைப் பிடித்த பிறகு, காஸ்பியன் கடற்கரையிலிருந்து போட்ட புகையிரதப் பாதை 1888இல் சமர்கந்தை எட்டியது. அதன் பின் மலிவான ஆலைச் சீத்தை கடைத்தெருவில் குவிந்தது. ஆகவே இத்தகைய உள்துணி உள்ள அங்கி அநேகமாக 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியையோ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. உள்துணி பின்னால் மாற்றியதாகவும் இருக்கலாம். சிக்கனமான தாய்மார் எங்கும் உண்டல்லவா? பழைய அங்கிக்குப் புதிய உள்துணி, கிழிந்த ஓரத்துக்குப் புதிய நாடா என்று போடுவார்கள். அதனால் தையல் ஓட்டைகளையும் பார்க்க வேண்டும். ஒரே ஓரத்தில் இரண்டு வரிசை ஊசித் துளைகள் இருந்தால் அது ஒரு முறை பிரித்து மறுபடி தைத்தது.

சாயமும் சாட்சி சொல்லும். மஞ்சிட்டி வேர், அவுரி, மாதுளம் தோல் முதலியவற்றிலிருந்து எடுத்த சாயங்களே முன்பு இருந்தன. 1856இல் வில்லியம் பெர்கின் என்ற ஆங்கிலேய இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயம் கண்டுபிடித்தார். அடுத்து வந்த செயற்கைச் சாயங்கள் அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மத்திய ஆசியாவுக்கும் வந்துவிட்டன. கண்ணைக் குத்தும் ஊதாவோ இளஞ்சிவப்போ துணியில் இருந்தால், அது 1856க்கு முந்தியதாக இருக்குமா என்று சந்தேகிக்க வேண்டும்.

படம் இருந்தால் பாதி வேலை குறைவு

வடிவத்தைக் கொண்டு நாம் ஊகித்ததை உறுதிப்படுத்தப் பழைய படங்களும் இருக்கின்றன. ருஷ்ய ஆளுநர் கவுஃப்மன் உத்தரவில் 1871, 1872 ஆண்டுகளில் தயாரான 'துர்கிஸ்தான் தொகுப்பு' என்ற படத் தொகுதியில் அந்நாட்டு மக்களின் உடையும் தொழிலும் வாழ்வும் பதிவாகியுள்ளன. 1900 முதல் 1902 வரை சாமுவேல் தூதின் என்ற ஓவியர் அங்கே பயணம் செய்து, பீட்டர்ஸ்பர்க் நூதனசாலைக்காக உடுப்புகளையும் விரிப்புகளையும் சேகரித்தார். கூடவே படமும் பிடித்தார். அதன் பிறகு புரக்கூதின்கோர்ஸ்கி என்பவர் சமர்கந்தில் நிறப் படங்களே எடுத்தார். அவற்றில் ஒன்றில் பரஞ்சியும் கரிய சச்வானும் அணிந்த ஒரு பெண் வாசலருகே நிற்கிறார். அவருடைய படங்களை 1948இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வாங்கிக் காத்து வருகிறது. அந்தப் பெண் யார்? பெயர் இல்லை. உடுப்பு தெரிகிறது, உடுத்தவர் தெரியவில்லை.

பெயருக்கும் ஒரு பயணம்

'பரஞ்சி' என்ற சொல் நமக்கு அந்நியமாகத் தோன்றும். அதன் வேர் அரபியில் உள்ள 'ஃபரஜிய்யா'. அகன்ற சட்டைக்கை கொண்ட மேலங்கி அது. ஆண்களும், குறிப்பாகக் கற்றறிந்தவர்களும் அணிந்தது. துருக்கியில் அதே சொல் 'ஃபெராஜே' என்றாகி, பெண்கள் வெளியே போகும்போது அணியும் அங்கியைக் குறித்தது. மத்திய ஆசியாவில் பரஞ்சி ஆயிற்று.

இப்போது பொய்ச் சட்டைக்கையின் இரகசியம் புரிகிறதா? முதலில் அது உண்மையான சட்டைக்கை உள்ள உண்மையான அங்கி. வெளியே போகும் பெண் அதைத் தலையில் போட்டுக்கொண்டாள். தலையில் போட்டால் சட்டைக்கைக்கு வேலை இல்லை. நாளடைவில் அது ஒடுங்கி, பின்னால் போய், அலங்காரமாக மாறிவிட்டது. வேலை போன பின்னும் வடிவம் நிற்கிறது. ஆண்களின் கோட்டுக் கைமுனையில் எதையும் பூட்டாத பொத்தான்கள் வரிசையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அது போலத்தான்.

தீயில் போன அங்கிகள்

இந்த அங்கிகளின் கதையில் ஒரு கசப்பான அத்தியாயம் உண்டு. சோவியத் ஆட்சி 1927இல் 'ஹுஜும்' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. அரபி தெரிந்தவர்களுக்குப் பொருள் விளங்கும்: தாக்குதல். அவ்வாண்டு மார்ச் 8ஆம் திகதி, பெண்கள் தினத்தன்று, உஸ்பெக் நகரங்களின் திடல்களில் பெண்கள் பரஞ்சியைக் கழற்றித் தீயில் போட்டார்கள்.

சிலர் மனம் விரும்பிப் போட்டார்கள். பள்ளிக்கூடம் போக வேண்டும், வேலைக்குப் போக வேண்டும் என்று தாமே முன்னின்ற பெண்களும் இருந்தார்கள். சிலரைக் கணவன்மார் கட்சிக் கட்டளைக்குப் பயந்து அழைத்து வந்தார்கள். கூட்டத்தில் கழற்றிவிட்டு, வீடு திரும்பும்போது மறுபடி போர்த்திக்கொண்டவர்களும் உண்டு. கழற்றியவர்கள் மீது ஊரார் சிலரின் கோபம் திரும்பியது. பல பெண்கள் கொலையுண்டார்கள். நூர்கான் என்ற நடனக் கலைஞர், பரஞ்சி இல்லாமல் மேடையேறியதற்காக 1929இல் தன் சகோதரன் கையாலேயே உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது பதினாறு.

கழற்று என்று ஒரு பக்கம் கட்டளை. கழற்றினால் கொல்வோம் என்று மறுபக்கம் கத்தி. ஓர் உடுப்பை நடுவில் வைத்து ஆண்கள் இழுத்த இழுப்பில் உயிர் போனது பெண்ணுக்கு. நூதனசாலைக் கண்ணாடிக்குள் பரஞ்சியைப் பார்க்கும் ஒருவருக்கு, 'பெண்கள் அங்கி, பட்டு' என்ற சிறிய அட்டை இதையெல்லாம் சொல்லாது.

இதைச் சொன்னவர்கள் யார் தெரியுமா? மூதாட்டிகள். அமெரிக்க ஆய்வாளர் மரியான் காம்ப் 1990களின் தொடக்கத்தில் உஸ்பெகிஸ்தானில் வீடு வீடாகப் போய், அந்தக் காலத்தை நேரில் கண்ட முதிய பெண்களோடு பேசினார். எப்போது போர்த்தீர்கள், யார் சொல்லிக் கழற்றினீர்கள், அன்று மனம் எப்படி இருந்தது என்று கேட்டுப் பதிந்தார். அவர் நூல் 2006இல் வெளிவந்தது. இன்னும் சில ஆண்டுகள் தாமதித்திருந்தால் கேட்பதற்கு ஆள் இருந்திருக்காது.

துணியிலிருந்து நாம் நாட்டைக் கண்டுபிடித்தோம், காலத்தைக் கண்டுபிடித்தோம், பயனையும் கண்டுபிடித்தோம். உடுத்தியவரின் மனதை எந்தத் தையலும் சொல்லாது. அதை வாய் திறந்து அவரே சொல்ல வேண்டும், அல்லது சொல்லக் கேட்டவர் எழுதி வைக்க வேண்டும்.

உங்கள் பெட்டகத்தில் என்ன இருக்கிறது?

சகோதரிகளே, மத்திய ஆசியாவுக்குப் போனது போதும். உங்கள் உம்மும்மாவின் பெட்டகத்தில், அலுமாரியின் மேல் தட்டில், ஒரு பழைய துணி இருக்கும். கலியாணச் சாரியாக இருக்கலாம், குழந்தைத் தொப்பியாக இருக்கலாம், யாரோ ஹஜ்ஜிலிருந்து கொண்டுவந்த ஒரு துண்டாக இருக்கலாம். வெட்டித் தலையணை உறை தைக்கும் முன், விற்கும் முன், கொஞ்சம் பொறுங்கள்.

அதைத் தோய்க்க வேண்டாம். பழைய சாயம் ஓடிவிடும். அயன் செய்யவும் வேண்டாம். பொலித்தீன் பையில் இட்டுக் கட்டினால் நமது நாட்டு ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கும். கஞ்சி போகத் தோய்த்துக் காயவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். குண்டூசி குத்த வேண்டாம், துரு ஏறும். பூச்சி உருண்டை போட்டால் துணியில் படாமல் போடுங்கள். சில மாதங்களுக்கு ஒரு முறை எடுத்து, மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் கிடக்கும் பட்டு அந்த வரியிலேயே வெடித்துவிடும்.

பிறகு வீட்டில் மூத்தவரின் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து கேள்வி கேளுங்கள். இது யாருடையது? எங்கே வாங்கியது, யார் தைத்தது? எந்த நாளில் உடுத்தினீர்கள்? எப்படி உடுத்துவது, ஒரு முறை காட்டுவீர்களா? இதைப் பத்திரமாக வைக்க உங்களுக்குத் தோன்றியது ஏன்?

கடைசிக் கேள்விக்கு அவசரப்படுத்தாதீர்கள். பதில் உடனே வராது. வந்ததை அவர் சொன்ன வார்த்தையிலேயே ஒரு தாளில் எழுதி, பெயரும் ஊரும் திகதியும் போட்டு, துணியோடு வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள், மை ஊறும். அந்தத் தாள் இல்லாவிட்டால், நூறு வருடம் கழித்து அதை விரிக்கும் பெண்ணும் கழுத்தைப் பார்த்து, உள்துணியைப் பார்த்து, ஊகித்துக்கொண்டுதான் இருப்பாள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.